ஸ்டோமா தொப்புளுக்குக் கீழா, மேலா?

ஸ்டோமா என்பது மலம் வெளியேறுவதற்காக அறுவை சிகிச்சையில் குடலை வயிற்றுத் தோல் வழியே வெளியே கொண்டுவந்து அமைக்கும் திறப்பு; அதன் மேல் பை ஒட்டப்படும். அது எங்கே வர வேண்டும் என்பதை அறுவைக்கு முன்பே தோலில் குறிக்கிறோம். வழக்கமான இடம் தொப்புளுக்குக் கீழே. இலியோஸ்டமி (சிறுகுடலின் கடைப்பகுதியைத் திறப்பது) என்றால் வலப்பக்கம், சிக்மாய்டு கொலோஸ்டமி (பெருங்குடலின் கீழ்ப்பகுதியைத் திறப்பது) என்றால் இடப்பக்கம். உடைக்குள் மறையும், ஒல்லியானவருக்கும் நடுத்தர உடம்புக்காரருக்கும் இதுவே போதும்.

தொப்பை சரிந்தவருக்குத்தான் கீழ்ப்புறம் வம்பு. படுத்திருக்கும்போது தட்டையாகத் தெரிந்த இடம், உட்கார்ந்ததும் மடிப்புக்குள் போய்விடும். ஸ்டோமா அவர் கண்ணுக்கே தெரியாது. பிறகு பையை எப்படிப் பொருத்துவார்? பையைத் தோலோடு பிடித்துவைக்கும் ஒட்டுப்பட்டை மடங்கி, அடியில் மலம் புகுந்து தோல் புண்ணாகும். இலியோஸ்டமியில் செரிமான நொதிகளும் சேர்ந்து வருவதால் எரிச்சல் இன்னும் வேகமாக வரும். இவர்களுக்கு மேல் வயிறே நல்லது: அங்கே கொழுப்பு மெலிது, குடலை இழுவிசையின்றி வெளியே கொண்டுவரலாம். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் பெரும்பாலும் மேலேதான். சட்டையில் புடைப்பு தெரியும், உண்மைதான். கசிவோடு ஒப்பிட்டால் அது பெரிய குறையல்ல.

வேட்டி, புடவை கட்டுபவரை வழக்கம்போல் கட்டச் சொல்லியே பார்க்க வேண்டும். இடுப்புக்கட்டு ஸ்டோமாவின் மேல் விழக்கூடாது.

எந்த இடமானாலும் படுக்க, உட்கார, குனிய, நிற்கச் சொல்லிப் பார்த்த பிறகே குறியுங்கள். பட்டை ஒட்ட சுமார் 5 செ.மீ. தட்டையான தோல் வேண்டும்; பழைய தழும்பு, இடுப்பெலும்பு முனை, விலா விளிம்பு இவற்றை விட்டுத் தள்ளி. ஸ்டோமா நேர்வயிற்றுத் தசைக்குள் (வயிற்றின் முன்புறம் நடுக்கோட்டின் இருபுறமும் மேலிருந்து கீழாக ஓடும் தசை) அமைவது நல்லது. படுத்தபடி தலையை மட்டும் தூக்கினால் அதன் விளிம்பு கைக்குத் தட்டுப்படும். சந்தேகமென்றால் இரண்டு இடங்களைக் குறித்து 1, 2 என முன்னுரிமை எழுதுங்கள். எளிதில் அழியாத மை, அதன் மேல் ஒளிபுகும் ஒட்டுப்படலம்.