ஹாட்ரிக்கில் 26 சீசன்: யார் பேச்சைக் கேட்டேன், யார் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும்

ஹாட்ரிக் என்ற இணையக் கால்பந்து மேலாண்மை விளையாட்டில் எனக்கு இது எட்டாவது ஆண்டு. ஒரு சீசனுக்கு 16 வாரம் என்பதால், விளையாட்டின் கணக்கில் 26 சீசன் ஓடிவிட்டன. விளையாட்டு எப்படி என்று கேட்பவர்களுக்கு நல்லது என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடுவேன். முதல் ஆண்டை நான் எப்படிப் பாழாக்கினேன் என்பதைச் சொல்லத்தான் இந்த நீளம்.

சேர்ந்த முதல் வாரத்திலேயே நான்கு பேர் நான்கு வழி சொன்னார்கள். இருக்கும் பணத்தை மைதானத்தில் போடு என்றார் ஒருவர். எல்லோரையும் விற்றுவிட்டு இளைஞர்களை வாங்கு என்றார் இன்னொருவர். வயதானவர்கள் மலிவாகக் கிடைப்பார்கள், அவர்களை வைத்து லீக்கை வென்று மேலே போ என்றார் மூன்றாமவர். ஒரு சீசன் சும்மா இரு என்றார் நான்காமவர். நால்வரும் பொய் சொல்லவில்லை. அவரவர் அணிக்கு அது சரியாக இருந்தது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று சீசன் பிடித்தது.

வேகமான விளையாட்டில் தவறான ஆலோசனை அன்று மாலையே பல்லைக் காட்டிவிடும். இங்கே லீக் ஆட்டம் வாரத்துக்கு ஒன்று, பயிற்சியின் பலன் வாரத்துக்கு ஒரு முறை. இன்று எடுத்த முடிவு சரியா தவறா என்று தெரிய இரண்டு மாதம் ஆகும். அதற்குள் ஆலோசனை சொன்னவரும் மறந்திருப்பார், கேட்டவனும் வேறு நான்கு முடிவு எடுத்திருப்பான். எதனால் கெட்டது என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.

நான் மூன்றாமவர் பேச்சைக் கேட்டேன். அவர் மேல் பிரிவில் ஆடுபவர், அந்த மரியாதைதான் காரணம். கையிலிருந்த பணத்தில் பெரும்பகுதியைக் கொட்டி ஒரு முன்கள ஆட்டக்காரரை வாங்கினேன். வயது 31 ஆண்டு 97 நாள் என்று எழுதியிருந்தது. அந்த 97 ஏன் அங்கே இருக்கிறது என்று நான் யோசிக்கவில்லை. ஹாட்ரிக்கில் ஆட்டக்காரருக்கு 112 நாள்தான் ஓர் ஆண்டு. பதினைந்தே நாளில் அவருக்கு 32 ஆகிவிட்டது. விலை இறங்கியது, சம்பளச் சுமை மட்டும் போகவில்லை. வாராந்தரக் கணக்கு தொடர்ந்து சிவப்பிலேயே வந்தது. கோல் அடித்தார், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நடுக்களத்தில் பந்தே கிடைக்காத அணியில் அவர் எத்தனை அடிக்க முடியும்?

கடைசியில் ஏலத்துக்கு விட்டேன். கெடு மூன்று நாள். முடியும் நேரத்தில் யாராவது விலை கேட்டால் கெடு இன்னும் மூன்று நிமிடம் நீளும். அந்த நீட்சியை எதிர்பார்த்துத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒருவர் அடிமட்ட விலைக்குக் கேட்டார், கடிகாரம் நின்றது. ஆலோசனை சொன்னவருக்கு இது பொருட்டே இல்லை. அவர் மைதானம் நிரம்பி வழிகிறது, ஒரு முதியவரை ஒரு சீசன் வைத்திருந்து தூக்கிப் போட்டாலும் வலிக்காது. உச்சியில் இருப்பவருக்குத் தான் ஏறிய படிகளில் எது வழுக்கியது என்பது மறந்துபோயிருக்கும்.

அடுத்து ஆலோசனை சொல்ல வந்தவர் இன்னும் சாமர்த்தியசாலி. பயிற்சிகளில் வேகமாக ஏறுவது கோல்கீப்பர் பயிற்சிதான் என்றார். அது உண்மை. வாரத்தில் லீக், நட்பு ஆட்டம் என இரண்டு ஆடினாலும் அந்தப் பயிற்சி இரண்டு பேருக்குத்தான் சேரும் என்பதைச் சொல்லாமல் விட்டார். நடுக்களப் பயிற்சி என்றால் ஆட்டத்துக்கு மூவர், வாரத்துக்கு ஆறு பேர் முழுப் பலன் பெறுவார்கள். ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தேன், அவரே ஒரு 17 வயது கோல்கீப்பரை ஏலத்தில் விட்டிருந்தார். அன்றிலிருந்து, ஆலோசனை வந்தால் முதலில் சொன்னவரின் விற்பனைப் பட்டியலைப் பார்க்கிறேன்.

இதைவிடக் கெடுதல், இரண்டு நல்லவர்கள் பேச்சைக் கலந்து கேட்டது. ஒருவர் சொல்லி நடுக்களப் பையன்களை வாங்கினேன். ஆறாவது வாரம் இன்னொருவர் விங்கர், அதாவது ஓரத்தில் ஆடுபவர், பயிற்சியில்தான் லாபம் என்றதும் மாற்றினேன். இரண்டும் நல்ல திட்டம். வாங்கிய பையன்கள் மட்டும் வயது ஏறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசியில் எனக்குப் பயன்பட்டவர் பெரிய ஆள் இல்லை. எனக்கு மூன்று சீசன் முன்னால் சேர்ந்தவர், ஒரு பிரிவு மேலே ஆடிக்கொண்டிருந்தார். நான் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அவர் என்னைக் கேட்டார்: பணம் எவ்வளவு, ரசிகர் எத்தனை பேர், வாரத்தில் எத்தனை நாள் எட்டிப் பார்ப்பீர்கள், தோற்றால் தாங்குவீர்களா? கடைசிக் கேள்வி எரிச்சலூட்டியது. பிறகு இரண்டே வரி எழுதினார். நடுக்களப் பயிற்சிக்கு ஆறு இளைஞர்களை வாங்குங்கள், இரண்டு சீசன் எதையும் மாற்றாதீர்கள்.

எட்டு அணி லீக்கில், அவர் சொன்ன இரண்டு சீசனில் முதலாவதில் ஆறாவதாக முடித்தேன். பதினான்கு ஆட்டத்தில் நான்கு வெற்றி. கை துறுதுறுத்தது, மாற்றவில்லை. இரண்டாவது சீசன் முடிவில் விற்ற இருவர், அறுவருக்கும் கொடுத்த விலையை மீட்டுக் கொடுத்தார்கள்.

உச்சியில் இருப்பவர்களை ஒதுக்கச் சொல்லவில்லை. எதிரணியை எப்படி வாசிப்பது, எந்த ஆட்டத்தில் முழு பலத்தைக் காட்டுவது என்பதற்கெல்லாம் இன்றும் அவர்களிடம்தான் போகிறேன். பணம் பற்றி மட்டும் கேட்பதில்லை. விரிதாளோடு வருபவர்களின் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கும், அது யாருடைய அணிக்கான கணக்கு என்று பார்த்துக்கொண்டால் போதும். பழைய ஆலோசனைகள்தான் ஆபத்து. 1997 இல் ஸ்வீடனில் தொடங்கிய விளையாட்டு இது, விதிகள் பலமுறை மாறிவிட்டன. மாறியது தெரியாமலே பழைய சூத்திரங்கள் இன்னும் சுற்றுகின்றன. விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் விதிப் பக்கத்தைப் படிக்க ஒரு மாலை போதும். நான் படித்தது இரண்டாவது ஆண்டில்.

ஒரு விளையாட்டின் ஞானம் இன்னொன்றுக்கு ஆகாது என்பதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பஸ்ஸர்பீட்டர் என்ற கூடைப்பந்து விளையாட்டில் ஓர் இளைஞன் பயிற்சிக்குரிய இடத்தில் வாரத்துக்கு 48 நிமிடம் ஆடினால் போதும். நானோ ஒரே பையனை எல்லா ஆட்டத்திலும் முழுநேரம் ஆடவைத்து, மற்ற இருவரின் வாரங்களை வீணாக்கினேன்.

எனக்கு வழி சொன்னவர் விளையாட்டை விட்டுப் போய்விட்டார். போவதற்கு முன் மைதானத்தைப் பெரிதாக்கலாமா என்று அவரிடம் கேட்டேன். ரசிகர் எண்ணிக்கையைச் சொன்னதும், "இப்போது வேண்டாம். ஆனால் நீங்கள் கட்டத்தான் போகிறீர்கள்" என்றார். கட்டினேன். மழை பெய்யும் ஆட்டங்களில் பாதி இருக்கை இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.