ஆறு அங்குலத் திரையில் இரண்டு பத்திச் சஞ்சிகை

மகப்பேற்று விடுமுறையில் நிற்கும் தோழி ஒருத்தி கேட்டாள்: "உந்த ரீடரின்ர விலை இறங்கியிருக்காம், வாங்கட்டோ? நீ உதிலதானே விடியவிடிய வாசிக்கிறாய்?" வட்ஸ்அப்பில் பதில் எழுதத் தொடங்கினேன், நீண்டுபோய்விட்டது. ஆகவே இங்கே போடுகிறேன். ரீடர் என்றது மின்னூல் வாசிக்கும் கருவியை. கொம்பனிப் பெயர் எழுதவில்லை. நான் திட்டப்போகும் விஷயம் எந்த ஆறு அங்குல ஈ-இங்க் (கடதாசியில் அச்சடித்ததுபோல் எழுத்துக் காட்டும்) திரைக்கும் பொருந்தும். மெமரி எவ்வளவு, தண்ணீர் பட்டால் தாங்குமா என்பதையெல்லாம் யூடியூப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், கோபம் வந்த பிறகு சொல்ல மனம் வராது.

பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது மிச்சமிருப்பது ஒரு கைதான். புத்தகம் என்றால் பக்கம் தட்ட மற்றக் கையும் வேண்டும், லைற்றும் வேண்டும். லைற் போட்டால் பிள்ளை முழித்துவிடும். போனில் வாசிக்கலாம் என்று எடுத்தால் பேஸ்புக்கில் போய் முடியும். ரீடர் ஒரு கைக்குள் அடங்குகிறது. அதன் வெளிச்சம் பின்னால் இருந்து முகத்தில் அடிப்பதில்லை, ஓரத்திலிருந்து திரையின் மேல் படர்கிறது. ஆகக் குறைத்து வைத்தால் நுளம்பு வலைக்குள் எனக்கு மட்டும் எழுத்துத் தெரியும். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாவலைக்கூட முடிக்காதவள், நித்திரையே இல்லாத மாதங்களில் போய் வாசிக்கத் தொடங்கினேன். "பிள்ளை படுக்கிற நேரத்தில நீயும் படன்" என்று அம்மா இன்றைக்கும் ஏசுகிறா.

84 நாள் லீவு முடிந்து கந்தோருக்குப் போகத் தொடங்கிய பிறகு வாசிப்பு பஸ்ஸுக்கு மாறியது. சுன்னாகத்தில் ஏறி இருக்கை கிடைத்துவிட்டால் கொக்குவிலுக்குள் ஓர் அத்தியாயம் முடியும். யன்னல் வெயில் நேரே விழுந்தாலும் எழுத்துத் தெளிவாகத் தெரியும், அந்த வெயிலில் போன் திரை கறுப்பாகவே கிடக்கும். பஸ்ஸில் போடும் பாட்டுக்குத்தான் இன்னும் ஒருவரும் மருந்து கண்டுபிடிக்கவில்லை.

சார்ஜ் கிழமைக்கணக்காக நிற்கும் என்பது பாதி உண்மை. பக்கம் மாறும்போது மட்டுமே திரை கரண்ட் எடுக்கும், சரி. ஆனால் லைற்றும் வைஃபையும் எப்போதும் எடுக்கும். வைஃபையை நிறுத்தி வையுங்கள். சார்ஜர் குத்தும் இடம் ஆடத் தொடங்கியதும் போன் திருத்தும் கடை ஒன்றுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த தம்பி நிறுத்திப் பார்த்தான், திரையிலிருந்த படம் போகவில்லை. "அக்கா, டிஸ்ப்ளே இறுகிப்போச்சு, எறிய வேண்டியதுதான்" என்றான். கரண்டே இல்லாவிட்டாலும் ஈ-இங்கில் கடைசிப் படம் அப்படியே நிற்கும் என்று விளங்கப்படுத்தியதும் முகம் சிவந்துவிட்டது, பாவம். பிறகு நன்றாகவே ஈயம் வைத்துத் தந்தான்.

இனி வயிற்றெரிச்சல்.

நான் வாசிக்க ஆசைப்பட்டது எங்கட ஆட்களின் பழைய எழுத்தை. காசு கொடுத்து வாங்கக்கூடிய தமிழ் மின்னூல்களில் பெரும்பாலானவை இந்தியப் புத்தகங்கள். எங்களுடையவை 'நூலகம்' தளத்தில் இருக்கின்றன. 2005 முதல் ஆர்வலர்கள் தேடித்தேடி ஸ்கான் செய்து ஏற்றியவை, எல்லாம் இலவசம். டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய மல்லிகைச் சஞ்சிகையும் அங்கே கிடைக்கிறது. ஆசையோடு இறக்கி ரீடரில் திறந்தால், இரண்டு பத்தியாக அடித்த முழுப் பக்கமும் உள்ளங்கையளவு திரைக்குள் சுருங்கி, எறும்பு ஊர்ந்ததுபோல் கிடக்கிறது. பெருப்பிக்க இரண்டு விரலால் விரிக்க வேண்டும். அந்த நேரம் மற்றக் கையில் பிள்ளை! எப்படியோ விரித்தால் திரை ஒருமுறை கறுத்து, வெளுத்து, ஆறுதலாக யோசித்து, பக்கத்தின் ஒரு மூலையைக் காட்டும். வலப்பக்கப் பத்திக்குப் போக இழுத்தால் அடுத்த பக்கம் புரண்டுவிடும். திரும்பி வந்தால் மறுபடி எறும்பு. எழுத்தின் அளவைக் கூட்டும் வசதி இங்கே செல்லாது. திரையில் இருப்பது எழுத்தில்லை, பக்கத்தின் படம்.

வழி இல்லாமல் இல்லை. கே2பிடிஎஃப்ஆப்ட் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. பக்கத்தின் வெற்று ஓரங்களை வெட்டி, பத்திகளைப் பிரித்து, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கித் தரும். ஸ்கான் நேராக இருந்தால் நல்ல வேலை செய்யும். சரிந்திருந்தால், அல்லது நடுவில் ஒரு நகைக்கடை விளம்பரம் இருந்தால், கவிதையின் வாலைக் கொண்டுபோய்க் கட்டுரையின் தலையில் ஒட்டிவிடும். அதோடு, கொம்பியூட்டருக்கு முன்னால் குந்தியிருக்க எனக்கு நேரம் இருந்தால் ரீடர் எதற்கு? கணினியில் தட்டச்சிட்ட பிந்திய காலப் புத்தகங்களாவது கைகொடுக்கும் என்று பார்த்தால், அதில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய பாமினி எழுத்துரு குறுக்கே நிற்கிறது. எழுத்தைத் தனியே பிரித்தெடுத்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டுகிறது.

ஸ்கான் செய்தவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்களைப் பறிகொடுத்த ஊரில், ஒரு பழைய இதழ் படமாகவாவது மிஞ்சியிருப்பது பெரிய காரியம். என் கோபம் முழுக்க இந்தக் கருவியின் மேல்தான்.

படமாக இருக்கும் பக்கத்தில் பிடித்த வரிக்குக் கோடு போடவும் முடியாது. அந்த எரிச்சலில்தான் தலைமாட்டில் ஒரு சீ.ஆர். கொப்பி வைத்தேன். பிடித்த வரியைப் பார்த்து எழுதுவேன். சில நாள் போக, பார்த்து எழுதிய வரிக்குக் கீழே என்னுடைய வரி ஒன்று வந்தது. பிறகு அரைப் பக்கம். கம்பஸ் காலத்தில் கவிதை எழுதிய கை, வேலைக்குப் போன நாளிலிருந்து கந்தோர்க் கடிதம் தவிர வேறொன்றும் எழுதவில்லை. இப்போது கொப்பி பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது. மாமியைப் பற்றியும் அதில் ஒரு கதை இருப்பதால் கொப்பி இப்போது தலைமாட்டில் இல்லை.

"அப்ப உமக்கு எழுத்து திரும்பி வந்ததுக்கு உந்த ரீடருக்குத்தான் நன்றி சொல்லவேணும்" என்கிறார் இவர். மாட்டேன். கோடு போட விட்டிருந்தால் நான் கொப்பியைத் தொட்டே இருக்கமாட்டேன் என்பது உண்மைதான். அதற்காகச் செய்யாத வேலைக்கு யாராவது புள்ளி போடுவார்களா?

ஐந்துக்கு இரண்டு. புதிய மின்னூல்களும் ஆங்கில நாவல்களும் போதும் என்பவர்கள் தாராளமாக வாங்கலாம், குறைந்த விலைக்கு இதைவிட நல்லது கிடைக்காது. எங்கட பழையவைதான் வேண்டும் என்றால் வேண்டாம். பத்து அங்குலத் திரைக்குக் காசு சேர்க்கலாம். ஆனால் அது பால் கொடுக்கிறவளின் ஒரு கையில் நிற்காது.

போன கிழமை என் கதை ஒன்றைப் போனில் யூனிகோடில் தட்டி ரீடருக்கு அனுப்பிப் பார்த்தேன். என்ன வடிவு! கூட்டினால் எழுத்துப் பெருக்கிறது, வரி தானாக மடிகிறது, கோடும் போடலாம். ஒருவருக்கும் காட்டாத என் அரைவேக்காட்டுக் கதைக்கு இந்த உபசாரம், மல்லிகையில் எழுதியவர்களுக்கு எறும்பெழுத்து. இரண்டை ஒன்றரை ஆக்கலாமா என்று யோசிக்கிறேன்.