விஜிஏ சாக்கெட் வைத்த 1050 டிஐ: ரிச்சி தெருவில் நான் ஏமாந்தது

போன செவ்வாய்க்கிழமை ஒரு கீபோர்டு வாங்க, சென்னையில் கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். முன்பு எனக்கு ஒரு போலி கிராபிக்ஸ் கார்டை, அதாவது கணினித் திரைக்குப் படம் வரைந்து தரும் பலகையை, விற்ற கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் அதே கார்டு இருந்தது. விசிறியின் நடுவே ஒட்டியிருந்த சிவப்பு ஸ்டிக்கர் ஒருமுறை என் நகம் பட்டு ஓரத்தில் கிழிந்தது. அந்தக் கிழிசல்தான் அடையாளம். போலி என்று நிரூபித்துத் திருப்பிக் கொடுத்த சரக்கு, துடைத்து மெருகேற்றி மறுபடி விற்பனைக்கு வந்துவிட்டது. இதுவரை வெட்கத்தால் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். இனி சொல்லாமல் இருப்பது சரியில்லை.

நான் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவள், விளையாட்டு ஆசாமி அல்ல. ஆனால் நான்கு ஆண்டுகளாக செகண்ட் லைஃப் என்ற இணைய உலகில் எனக்கு ஒரு வீடு இருக்கிறது. 2003-இல் லிண்டன் லேப் என்ற அமெரிக்க நிறுவனம் தொடங்கிய உலகம் அது. வெற்றி, தோல்வி, மதிப்பெண் எதுவும் அங்கே கிடையாது. நிலம் வாடகைக்குக் கிடைக்கும், அதில் எதை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். நான் கட்டியது முற்றமும் திண்ணையும் வைத்த செட்டிநாட்டு வீடு. அயனாவரத்தில் இரண்டு அறை வாடகை வீட்டில் இருப்பவளுக்கு இந்த ஆடம்பரம் கொஞ்சம் அதிகம்தான். சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு அந்தத் திண்ணையில் சிங்கப்பூர், டொரண்டோ, யாழ்ப்பாணம் என்று பல ஊர்த் தமிழர்கள் கூடுவோம். பாட்டு, அரட்டை, சமையல் சண்டை.

பத்துப் பேர் வரை சிக்கல் இல்லை. இருபது பேர் சேர்ந்தால் எல்லாம் இழுக்க ஆரம்பிக்கும். நிலைப்படி தாண்டி உள்ளே போயிருப்பேன், அடுத்த நொடி என்னை யாரோ பின்னால் பிடித்து இழுத்ததுபோல் மறுபடி திண்ணையில் நிற்பேன். எழுதிய பதில் போய்ச் சேர்வதற்குள் பேச்சு வேறு விஷயத்துக்கு மாறியிருக்கும். இதையெல்லாம் ஒரே சொல்லில் ‘லேக்’ என்போம். நான் மாட்டிக்கொண்டதே அந்த ஒரே சொல்லால்தான்.

முதலில் ஏமாந்தது சிறிய தொகை. பிராட்பேண்ட் இணைப்புக்கார இளைஞர், “உங்கள் வேகம் போதாது அக்கா, 300-க்கு மாறுங்கள்” என்றார். நூறு எம்பிபிஎஸ்ஸிலிருந்து முந்நூறுக்கு மாறினேன். மாதக் கட்டணம் ஏறியது, இழுவை இழுவையாகவே இருந்தது.

அடுத்து ரிச்சி தெரு. அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பி, வண்டிகளுக்கும் அட்டைப் பெட்டிகளுக்கும் இடையில் நுழைந்து, மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரு கடையில் நின்றேன். பெயர் போடப்போவதில்லை, அந்தத் தெருவில் நேர்மையான கடைகளும் நிறைய உண்டு. “இணைய உலகம் ஒன்று, கூட்டம் சேர்ந்தால் லேக் ஆகிறது” என்று சொல்லி முடிப்பதற்குள் கடைக்காரர் கார்டை மேசைமேல் வைத்துவிட்டார்.

“ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, நான்கு ஜிபி. லேசாகப் பயன்படுத்தியது. இதைப் போட்டால் லேக் என்ற சொல்லையே மறந்துவிடுவீர்கள் மேடம்.”

“என் மானிட்டர் பழையது. நீல நிற விஜிஏ வயர்தான் இருக்கிறது.”

“பாருங்கள், இதிலேயே விஜிஏ சாக்கெட் இருக்கிறது. அடாப்டர் வாங்கும் செலவும் மிச்சம்.”

மனம் குளிர்ந்துபோனது. 7,800 ரூபாய் எண்ணிக் கொடுத்தேன். கிடைத்தது கையால் எழுதிய துண்டுச் சீட்டு. ‘கிராபிக்ஸ் கார்டு 1’ என்றும் தொகையும் மட்டுமே அதில் இருந்தன. மாடல் பெயர் இல்லை, சீரியல் எண் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. நாள் முழுக்க அடுத்தவர் பில்லில் குறை கண்டுபிடிப்பவள் நான். என் பில்லைப் பார்க்கவில்லை. கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்து, “இதையே வைத்துக்கொள்ளுங்கள், இணையத்திலிருந்து புதிதாக இறக்கிவிடாதீர்கள்” என்றார். அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

செகண்ட் லைஃப் வீட்டுக்குள் தனியாக நடந்தபோது ஃபிரேம் ரேட் (நொடிக்கு வரையப்படும் படங்கள்) 28-லிருந்து 34 ஆனது. சனிக்கிழமை கூட்டம் சேர்ந்ததும் பழையபடி 10. அரை மணி நேரத்தில் திரை முழுக்க வண்ணக் கட்டங்கள், பிறகு கறுப்பு. மூன்று வாரமும் இதே கதை. கடைக்காரர் ஒருமுறை வெயிலைக் குறை சொன்னார், ஒருமுறை என் வீட்டு மின்சாரத்தை.

கடைசியில் அண்ணன் மகன் வந்தான், பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். கார்டைத் தொடவே இல்லை. செகண்ட் லைஃபில் கன்ட்ரோல், ஷிஃப்ட், 1 மூன்றையும் சேர்த்து அழுத்தினான். ஓரத்தில் ஒரு எண் பட்டியல் திறந்தது. நான்கு ஆண்டுகளில் நான் ஒருமுறைகூடத் திறந்ததில்லை.

“அத்தை, நீங்கள் லேக் என்று சொல்வது மூன்று தனித்தனிச் சங்கதிகள்” என்றான்.

ஃபிரேம் ரேட் என்பது நம் கணினி ஒரு நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்ற கணக்கு. 60 என்றால் ஒரு படத்துக்கு ஏறத்தாழ 17 மில்லிசெகண்ட், 10 என்றால் 100. இது மட்டும்தான் நம் வீட்டுக்குள் இருக்கும் பிரச்சினை. இதிலும் கார்டு பாதிக் கதைதான். செகண்ட் லைஃபில் படம் வரைவதற்கு முந்தைய வேலையில் பெரும்பகுதி கணினியின் மூளையான பிராசசரின் ஒரே கோர் (கணக்கிடும் பிரிவு) மீது விழுகிறது. அந்தக் கோர் திணறும்போது எவ்வளவு விலையுயர்ந்த கார்டும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும். மேலும், கணினி விளையாட்டு நிறுவனங்கள் ஒவ்வொரு பொருளையும், அதை வரைய எவ்வளவு வேலை ஆகும் என்று எடைபோட்டு, இளைக்கவைத்து உள்ளே விடுகின்றன. இங்கே எல்லாப் பொருளும் குடியிருப்பவர்களே செய்தவை. எங்கள் டொரண்டோ அக்காவின் கொண்டையும் மல்லிகைச் சரமும் மட்டும் என் முற்றத்துத் தூண்கள் அனைத்தையும்விடக் கனமானவை என்று அன்றுதான் தெரிந்தது. இருபது பேர் கூடினால் இருபது கொண்டை.

இரண்டாவது பிங். நம் கட்டளை, அந்த உலகை நடத்தும் கணினியான சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம். எனக்கு 260 மில்லிசெகண்ட் காட்டியது. செகண்ட் லைஃபின் சர்வர்கள் 2020-இல் அமேசானின் மேகக் கணினிகளுக்கு மாறின, இருப்பது அமெரிக்காவின் மேற்குப் பகுதியில். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் ஓடும். சென்னையிலிருந்து அங்கே நேர்கோட்டில் 13,000 கிலோமீட்டர் என்று வைத்தாலும் போய்வர 130 மில்லிசெகண்ட் ஆகிவிடும். கடலடிக் கேபிள்கள் நேர்கோட்டில் போவதில்லை. முந்நூறு எம்பிபிஎஸ் என்பது சாலையின் அகலம், ஊரின் தூரம் அதனால் குறையாது. மறுமாதமே நூறுக்குத் திரும்பினேன்.

மூன்றாவது சர்வரின் சொந்தத் திணறல். அங்கே நிலம் 256-க்கு 256 மீட்டர் சதுரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு சதுரத்தையும் ஒரு நிரல் நொடிக்கு 45 முறை கணக்கிட்டு நகர்த்துகிறது. கூட்டமும் ஸ்கிரிப்ட் (பொருளை இயங்கவைக்கும் சிறு நிரல்) வைத்த பொருட்களும் பெருகி அது திணறினால், ‘டைம் டைலேஷன்’ என்ற எண் ஒன்றிலிருந்து கீழே இறங்கும். அந்தச் சதுரத்தில் நேரமே மெதுவாக ஓடுகிறது என்று பொருள். சனிக்கிழமை அது 0.6-க்கு வந்தது. அப்போது சிங்கப்பூரில் இருப்பவருக்கும் அதே இழுவைதான். அயனாவரத்தில் என்ன கார்டு செருகினால் என்ன?

இவ்வளவையும் விளக்கிவிட்டு, போகிற போக்கில் கணினியின் பின்பக்கத்தைப் பார்த்தவன் நிமிர்ந்தான். “அத்தை, 1050 டிஐ-க்கு ஏது விஜிஏ?”

2016-இல் வந்த உண்மையான 1050 டிஐ சிப்பிலிருந்து, விஜிஏ வயருக்குத் தேவையான பழைய பாணி அனலாக் சிக்னலே வெளியே வராது. நான் கார்டை வாங்கக் காரணமாக இருந்த சாக்கெட்தான் அது போலி என்பதற்கு முதல் சாட்சி. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை இறக்கினான். 2018 முதல் இதுபோன்ற போலிகளை அது அடையாளம் காட்டுகிறது. பெயருக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் ‘ஃபேக்’ என்று எழுதி, எச்சரிக்கைக் குறியும் போட்டது. உள்ளே இருந்தது 2010-இல் வந்த ஜிடிஎஸ் 450 வகைச் சிப். கார்டு தன்னை யார் என்று கணினிக்குச் சொல்லும் உள்மென்பொருளான பயாஸை மாற்றி எழுதி, பெயரையும் நினைவகக் கணக்கையும் உயர்த்தியிருக்கிறார்கள். விண்டோஸ் அந்த எழுத்தை நம்பி நான்கு ஜிபி என்று காட்டியது. உண்மையில் இருந்தது ஒரு ஜிபி. கூட்டம் சேர்ந்து படங்கள் அதைத் தாண்டும்போதெல்லாம் திரை சிதறியது. அந்தக் குடும்பச் சிப்களுக்குப் புதிய டிரைவர்கள் வெளியிடுவதை, அவற்றைத் தயாரித்த என்விடியா நிறுவனம் 2018-லேயே நிறுத்திவிட்டது. புதிய டிரைவரை இறக்கியிருந்தால் குட்டு உடைந்திருக்கும். பென் டிரைவ் அக்கறையின் ரகசியமும் விளங்கியது.

கடைக்காரர் முதலில் கோபப்பட்டார், பிறகு “எனக்கு மேலே இருப்பவர் என்னை ஏமாற்றிவிட்டார்” என்றார். இருக்கலாம். சுவரில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற பலகை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திரும்பப் பெற மறுப்பதும், பில் கொடுக்க மறுப்பதும் நேர்மையற்ற வணிக முறைகள். எனக்கு அன்று 26-ஆவது நாள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அவர் எதிரிலேயே அழைத்தேன். மணி அடிக்கும்போதே 5,000 ரூபாய் மேசைக்கு வந்தது.

அதை வாங்கிக்கொண்டு கார்டைக் கொடுத்தது என் தவறு. வெயில், களைப்பு, பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். கார்டு போனதோடு ஆதாரமும் போனது. துண்டுச் சீட்டில் மாடல் பெயரே இல்லாததால் மீதி 2,800-க்கு எதை வைத்து வழக்காடுவது? நீங்கள் வாங்குவதாக இருந்தால், கடையிலேயே அவர்கள் கணினியில் செருகி, ஜிபியு-இசட் திரையைப் பார்த்து, சீரியல் எண் எழுதிய ஜிஎஸ்டி பில்லை வாங்கிய பிறகு பணத்தை எடுங்கள். அதற்கு மறுத்தால் அடுத்த கடை பத்தடி தூரத்தில் இருக்கிறது.

இப்போது பழைய உள்ளமைந்த கிராபிக்ஸிலேயே ஓட்டுகிறேன். நிழல்களை அணைத்து, பார்வைத் தூரத்தை 64 மீட்டராகக் குறைத்து, கனமான உருவங்களுக்கு ஒரு வரம்பு வைத்துக் கொடுத்தான் அண்ணன் மகன். கூட்டத்திலும் 22, 23 வருகிறது. வரம்பைத் தாண்டுபவர்கள் என் திரையில் ஒரே வண்ணப் பொம்மையாகத் தெரிகிறார்கள். போன சனிக்கிழமை டொரண்டோ அக்கா புதுப் பட்டுப்புடவை எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவைத்தேன்.