மெஷின் ஹெட்டா, மேட் இன் ஜப்பானா?

சென்ற மாதம் பழைய ரெக்கார்டு பிளேயர் ஒன்று வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதை வாங்கியதிலேயே கை காலியாகிவிட்டது. மிஞ்சிய பணத்தில் ஒரே ஒரு இசைத்தட்டு வாங்கலாம். கடையில் டீப் பர்ப்பிள் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் இரண்டு ஆல்பங்கள் அடுத்தடுத்து நின்றன: ‘மெஷின் ஹெட்’, ஜப்பான் கச்சேரிகளில் பதிவான ‘மேட் இன் ஜப்பான்’. இரண்டும் 1972-இல் வந்தவை. இரண்டிலும் அதே ஐந்து பேர்: பாடகர் இயன் கில்லன், கிதார் ரிட்சி பிளாக்மோர், ஆர்கன் ஜான் லார்ட், பேஸ் கிதார் ரோஜர் குளோவர், டிரம்ஸ் இயன் பெய்ஸ். இரண்டிலும் ஏழேழு பாடல்கள், அவற்றில் நான்கு பொதுவானவை. கால் மணி நேரம் கையைப் பிசைந்துவிட்டு ‘மெஷின் ஹெட்’டை எடுத்துக்கொண்டு வந்தேன். கூட வந்த நண்பர் வழிநெடுக என்னோடு பேசவில்லை. அவர் ஜப்பான் கட்சி.

அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: பதினேழு வயதில் என் கையில் கிடைத்த முதல் ராக் கேசட் ‘மெஷின் ஹெட்’. ஆகவே நான் நடுநிலையான நீதிபதி இல்லை.

சில்லறை விஷயங்களை முடித்துவிடலாம். ‘மெஷின் ஹெட்’ ஒற்றைத் தட்டு, ஏறக்குறைய 37 நிமிடம். ‘மேட் இன் ஜப்பான்’ இரட்டைத் தட்டு, அதைப் போல இரண்டு மடங்கு நேரம், விலையும் கூடுதல். ஒரு நிமிடத்துக்கு எத்தனை ரூபாய் என்று கணக்குப் பார்ப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஜப்பானை வாங்கலாம். அட்டை அழகில் இரண்டும் சுமார்தான். ‘மேட் இன் ஜப்பான்’ அட்டையில் இருக்கும் மேடைப் படம் ஜப்பானில் எடுத்ததே இல்லை. லண்டன் ரெயின்போ அரங்கில் எடுத்தது.

நண்பரின் வாதம் எல்லோரும் சொல்வதுதான். ஸ்டூடியோவில் செய்தது அச்சில் வார்த்த பொம்மை, மேடையில் வாசித்ததில்தான் உயிர் இருக்கிறது என்பார். பல குழுக்களுக்கு இது பொருந்தும். இந்த ஆல்பத்துக்குப் பொருந்தாது. ஏனென்றால் ‘மெஷின் ஹெட்’ ஸ்டூடியோவுக்குள் பிறந்ததே இல்லை.

1971 டிசம்பரில் இந்த ஐவரும் சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையிலுள்ள மான்ட்ரூ ஊருக்குப் போனார்கள். மேடையில் கிடைக்கும் ஓசை ஆல்பத்திலும் வர வேண்டும் என்பதால், ஸ்டூடியோவைத் தவிர்த்து, அங்கிருந்த கசீனோ அரங்கில் பதிவு செய்வதாக ஏற்பாடு. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான, ஒலிப்பதிவுக் கருவிகள் கொண்ட வண்டியை வாடகைக்கு எடுத்து வாசலில் நிறுத்தியாயிற்று. டிசம்பர் 4 அன்று அதே அரங்கில் அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரி. பார்வையாளர் ஒருவர் கூரையை நோக்கிச் சமிக்ஞைத் துப்பாக்கியைச் சுட, தீப்பிடித்து, கசீனோ முழுவதும் சாம்பலானது. ஏரியின் மேல் புகை படர்ந்ததை இவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மான்ட்ரூ ஜாஸ் விழாவை நடத்திவந்த குளோட் நோப்ஸ் இவர்களுக்கு வேறு அரங்கு பிடித்துக் கொடுத்தார். அங்கே நள்ளிரவில் ஒரு பாடலின் வாத்தியப் பகுதியை முடிப்பதற்குள், தூக்கம் கெட்ட ஊர்க்காரர்களின் புகாரில் போலீஸ் வந்து கதவைத் தட்டியது. அந்தப் பாடல்தான் பிற்பாடு ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ ஆனது. பாட்டின் வரிகள் இந்தத் தீ விபத்தை ஏறக்குறைய நடந்தது நடந்தபடி சொல்கின்றன. நோப்ஸின் பெயர்கூட அதில் வருகிறது.

கடைசியில், குளிர்காலத்துக்காகப் பூட்டிக் கிடந்த கிராண்ட் ஹோட்டலின் தாழ்வாரத்தில் ஆங்காங்கே மெத்தைகளைச் சாத்திவைத்து வாசித்தார்கள். வாசித்ததைக் கேட்டுப் பார்க்க வேண்டுமானால் அறைகள், பால்கனிகள் என்று சுற்றி, வெளியே குளிரில் இறங்கி வண்டிவரை நடக்க வேண்டும். ஒருசில நாட்களில் அலுத்துப்போய், போய்க் கேட்பதையே விட்டுவிட்டார்கள். நன்றாக வந்ததாகத் தோன்றினால் அடுத்த பாட்டு. இரண்டு வாரம் சொச்சத்தில் எல்லாம் முடிந்தது. இதை அச்சில் வார்த்த பொம்மை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

ஆக, உயிர் இரண்டிலும் இருக்கிறது. என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: தேய்மானம். தட்டின் தேய்மானத்தைச் சொல்லவில்லை, கேட்பவனின் தேய்மானத்தை. நூறாவது முறை கேட்கும்போது எது தாங்குகிறது?

‘ஹைவே ஸ்டார்’ இரண்டிலும் இருக்கிறது. மேடையில் அது இன்னும் வேகம், இன்னும் முரட்டுத்தனம். முதல் தடவை கேட்டபோது ஜப்பான் பதிவில்தான் எனக்குப் புல்லரித்தது. ஆனால் நடுவில் வரும் கிதார் சோலோவை, அதாவது தனி வாசிப்பைக் கவனியுங்கள். பிளாக்மோர் அதை அந்த நேரத்துக்குத் தோன்றியபடி வாசிக்கவில்லை. ஜெர்மானிய இசைமேதை பாக்கின் இசையை மனத்தில் வைத்து, சுரம் சுரமாக முன்கூட்டியே அமைத்து வைத்திருந்தார். ஹோட்டல் பதிவில் அந்தச் சோலோவின் மேலேயே தன் கிதாரை இரண்டாம் முறை ஏற்றி, இரண்டு குரல்கள் கைகோத்து ஏறுவதுபோல் செய்திருக்கிறார். மேடையில் இருப்பது ஒரே பிளாக்மோர். அந்த இரண்டாவது கிதார் அங்கே வர வழியில்லை. எத்தனை முறை கேட்டாலும் அந்த இடம் நெருங்கும்போது என் விரல்கள் தாமாக மேசையைத் தட்டத் தொடங்குகின்றன. அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதுதான் சுகமே.

இதற்கு நேர் எதிரானது ஜப்பான் பதிவில் உள்ள ‘ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்’. அதில் கில்லனின் குரலும் பிளாக்மோரின் கிதாரும் மாறி மாறித் துரத்திக்கொள்ளும். கிதார் ஒன்றைச் சொல்லும், குரல் அதையே திருப்பிச் சொல்லும், கிதார் இன்னும் மேலே போகும். எட்டிப்பிடிப்பாரா மாட்டாரா என்ற பதற்றம் அதன் உயிர்நாடி. பத்தாவது முறை கேட்கும்போது எட்டிப்பிடித்துவிடுவார் என்று தெரிந்துவிடுகிறது. கர்நாடகக் கச்சேரியில் ஒரே வரியை அப்போது தோன்றியபடி விரித்துப் பாடும் நிரவலை நேரில் கேட்பதற்கும், அதே நிரவலைப் பதிவில் ஐம்பதாவது முறை கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. முன்கூட்டியே அமைத்த கீர்த்தனைக்கு அந்தச் சிக்கல் இல்லை.

‘ஸ்பேஸ் ட்ரக்கின்’ இன்னும் தெளிவான சாட்சி. ‘மெஷின் ஹெட்’டில் நாலரை நிமிடம்: வந்தது, உலுக்கியது, போனது. ஜப்பானில் ஏறக்குறைய 20 நிமிடம். இரட்டைத் தட்டின் ஒரு பக்கம் முழுக்க அதற்கே. ஜான் லார்டின் ஆர்கன் உறுமுவதும் அலறுவதும் நேரில் கேட்டவர்களுக்குப் பெரும் அனுபவமாக இருந்திருக்கும். என் வரவேற்பறையில், நான்காவது பக்கத்தைப் போட ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மனத் திடம் தேவைப்படும் என்று எனக்குத் தெரியும். ‘த மியூல்’ பாடலில் பெய்ஸின் டிரம்ஸ் சோலோவும் அப்படித்தான். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனை நோக்கி எழுந்துபோகும் பாவிகளில் நானும் ஒருவன் என்பதால் இதில் என் தீர்ப்பை நம்ப வேண்டாம்.

‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஹோட்டல் பதிவில் முதலில் கிதார் தனியாக, திரும்பத் திரும்ப வரும் அந்தச் சிறு இசைத்துண்டை, ரிஃபை, வாசிக்கும். பிறகு பெய்ஸின் டிரம்ஸில் ஜோடித் தாளம் போலிருக்கும் ஹை-ஹாட்டின் ஓசை சன்னமாக உள்ளே வரும், ஆர்கன் சேரும், பிறகு முழு டிரம்ஸ், கடைசியாகப் பேஸ். பேஸ் சேரும் கணத்தில் அறையின் தரையே அரை அங்குலம் இறங்குவதுபோல் இருக்கும். ஆர்கன் சேருவது காதுக்குச் சட்டென்று தெரியாது. லார்ட் தன் ஹாமண்ட் ஆர்கனை மார்ஷல் ஆம்ப் என்ற ஒலிபெருக்கி வழியாக விட்டு, அதைக் கிதாரின் உடன்பிறப்பாக மாற்றி வைத்திருந்தார். வேடிக்கை என்னவென்றால், இந்த ஆல்பத்திலிருந்து குழு முதலில் தனித்தட்டாக (சிங்கிள்) வெளியிட்டது ‘நெவர் பிஃபோர்’ என்ற பாடலை. அதை இன்று பெரிதாக யாரும் நினைப்பதில்லை. ‘ஸ்மோக்’ 1973-இல்தான் அமெரிக்காவில் தனித்தட்டாக வந்து, பில்போர்டு பாடல் தரவரிசைப் பட்டியலில் 4-ஆம் இடத்தைத் தொட்டது.

ஜப்பானுக்கும் நியாயம் செய்ய வேண்டும். 1972 ஆகஸ்ட் 15, 16 தேதிகளில் ஒசாகாவிலும், 17 அன்று டோக்கியோ புடோகன் அரங்கிலும் நடந்த மூன்று கச்சேரிகளிலிருந்து தேர்ந்தெடுத்தவை அவை. மேடையில் வாசித்ததற்கு மேல் பிற்பாடு எதையும் பூசவில்லை. ஒலிப்பதிவாளர் இரண்டுக்கும் ஒருவரே, மார்ட்டின் பர்ச். ‘சைல்ட் இன் டைம்’ பாடலின் மிகச் சிறந்த வடிவம் இதில்தான் இருக்கிறது. கில்லனின் குரல் அதில் படிப்படியாக ஏறும் உயரங்களுக்கு என்னிடம் எந்த மறுப்பும் இல்லை. ‘லேஸி’யும் மேடையில்தான் கூடுதல் குறும்பு. இந்த இரண்டுக்காக மட்டுமே அதை வாங்கலாம். ஒருவேளை என் வயது இருபதாக இருந்து, வீட்டில் யாரும் இல்லாமல், ஒலியை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டலாம் என்றிருந்தால், நானும் மறுபக்கம் சாய்ந்திருப்பேன்.

எந்தப் பதிப்பை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘மெஷின் ஹெட்’டை 1997-இல் ரோஜர் குளோவரே மறுகலவை செய்து, அதாவது தனித்தனியாகப் பதிவான ஒலிகளைப் புதிதாகக் கலந்து வெளியிட்டார். 2024-இல் வந்த பெரிய பெட்டிப் பதிப்புக்கு மறுகலவை செய்தவர் ட்வீஸில் ஸாப்பா. எந்தக் கச்சேரியில் கசீனோ எரிந்ததோ, அந்த ஃபிராங்க் ஸாப்பாவின் மகன். அதை நான் கைப்பேசியிலும் இயர்ஃபோனிலும்தான் கேட்டேன், அதனால் தீர்ப்புச் சொல்லத் துணியமாட்டேன். குளோவரின் கலவையில் வாத்தியங்கள் தனித்தனியாகத் தெளிந்து கேட்கின்றன, ஆனால் அந்தத் தாழ்வாரத்து நெரிசல் கொஞ்சம் குறைந்துவிட்டதாக எனக்குப் படுகிறது. முதல்முறை வாங்குபவர்கள் பழைய கலவையிலேயே தொடங்கலாம். இசைத்தட்டில் கேட்டால் ஓசை மேல் என்பார்களே, அதைப் பற்றி எனக்கு ஒரு மாத அனுபவம்தான். அடுத்த வருடம் கேளுங்கள்.

முதல் பக்கத்தில் ‘பிக்சர்ஸ் ஆஃப் ஹோம்’ என்றொரு பாடல் உண்டு, ஜப்பான் தட்டில் இல்லாதது. சுற்றிலும் பனிமலைகளைப் பார்த்துக்கொண்டு ஊர் ஏக்கத்தோடு எழுதியது போல இருக்கும். குளோவரின் பேஸ் சிறிது நேரம் தனியாகப் பேசும், பாட்டு முடிந்துவிட்டதுபோல் ஒரு பாசாங்கு செய்யும். தட்டு வந்த முதல் நாள் மாலை, அந்த இடத்தில் என் மனைவி, “முடிந்துவிட்டது, திருப்பிப் போடட்டுமா?” என்று எழுந்து பிளேயர் அருகே போனாள். ஊசியை எடுக்கக் கை நீட்டியபோது மொத்தக் குழுவும் மறுபடி பாய்ந்து வந்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். நண்பர் சோபாவில் உட்கார்ந்தபடி சிரித்துவிட்டு, சிரித்ததை மறைக்கக் காப்பியைக் கையில் எடுத்தார்.