தோற்ற ஆட்டத்தை யாரிடம் காட்டுவது?

காட்பாடியில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் செஸ் போட்டி, மே மாத வெயில், தலைக்கு மேல் அனல் காற்றைச் சுழற்றும் ஃபேன். மூன்றாவது சுற்றில் குடியாத்தத்திலிருந்து வந்த பதினான்கு வயதுப் பையனிடம் தோற்றேன். தோற்றதை அலச மூன்று வழி உண்டு: போனில் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் புரோகிராம், வீட்டில் போர்டும் நோட்டும், எதிராளியோடு பேச்சு. மூன்றையும் செய்து பார்த்தேன். மூன்றும் ஒரே ஆட்டத்தைப் பற்றித்தான் பேசின என்று நம்புவதே கஷ்டம்.

ஸ்டாக்ஃபிஷ் இலவசம், களைக்காது, முகம் பார்த்துப் பேசாது. 29-வது மூவுக்கு இரண்டு கேள்விக்குறி போட்டது, அதாவது படுமோசமான தப்பு. கறுப்பு என்னுடையது, ஃப்ரெஞ்சு டிஃபென்ஸ் என்ற தொடக்க முறை. (இ6, டி7 என்பதெல்லாம் போர்டில் கட்டங்களின் பெயர்.) இ6 சிப்பாயைக் காத்துக்கொண்டிருந்த ஒரே காய் டி7 பிஷப். அதை ஏ4-க்கு எடுத்துவிட்டேன். டி4-இல் இருந்த வெள்ளைக் குதிரை இ6-ஐத் தின்று, சி7-இல் என் ராணியையும் எஃப்8-இல் யானையையும் ஒரே சமயத்தில் மிரட்டியது. ஆட்டம் முடிந்தது. இதைக் கண்டுபிடிக்க கம்ப்யூட்டர் வேண்டியதில்லை, குதிரை இறங்கிய நொடியிலேயே வயிறு சொல்லிவிட்டது.

அந்த பிஷப்பை ஏன் எடுத்தேன் என்பதற்கு மெஷினிடம் பதில் இல்லை. அதற்கு நோட்டுதான்.

ராத்திரி போர்டை விரித்து, ஆடும்போதே மூவ்களை எழுதிய ஸ்கோர்ஷீட்டை வைத்துக்கொண்டு முதலிலிருந்து வந்தேன். ஒவ்வொரு மூவுக்குப் பக்கத்திலும் மிச்ச நேரத்தைக் குறிப்பது என் பழக்கம். 14-வது மூவில், டி4-இல் நின்ற குதிரையை வெட்ட கறுப்புக் கட்டங்களில் மட்டும் ஓடும் என் பிஷப்பைக் கொடுத்திருக்கிறேன். அடுத்த குதிரை அதே டி4-இல் வந்து உட்கார்ந்தது. அதை விரட்ட என்னிடம் சிப்பாயும் இல்லை, அந்தக் கட்டத்தைத் தொடும் பிஷப்பும் இல்லை. மிச்சமிருந்த பிஷப்புக்கு டி5, இ6, எஃப்5 என்று என் சிப்பாய்களே கம்பி. தொரப்பாடி ஜெயிலில் போட்ட மாதிரி. பதினைந்து மூவ் உள்ளே கிடந்ததை 'கொஞ்சம் காற்று வாங்கட்டும்' என்று வெளியே விட்ட நேரத்தில்தான் இ6 போனது. 29 விபத்து என்றால், அதற்கு ரோடு போட்டது 14. மெஷின் அந்த 14-க்கு எந்தக் குறியும் போடவில்லை. வெள்ளைக்கு எவ்வளவு சாதகம் என்று அது போடும் மதிப்பு +0.6-இலிருந்து +1.0 ஆனது, அவ்வளவுதான்.

கணக்குப் பிழையை மெஷின் கத்திச் சொல்கிறது, திட்டப் பிழையை முணுமுணுக்கிறது. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன்ஷிப் 14-வது ஆட்டம் நினைவிருக்கும். 55-வது மூவில் அப்போதைய சாம்பியன், சீனாவின் டிங் லிரென் யானையை எஃப்2-இல் வைத்தார். நம் சென்னைப் பையன் குகேஷ் யானைகளை மாற்றி, பிஷப்பையும் மாற்றி, சிப்பாய் ஆட்டத்தில் ஜெயித்து 18 வயதில் சாம்பியன் ஆனார். மெஷினுக்கு அந்த ஒரு மூவ்தான் குற்றவாளி. ஒரு சிப்பாய் குறைவாக இருந்தாலும் டிரா செய்துவிடலாம் என்று மணிக்கணக்கில் தற்காக்கும் நிலைக்கு டிங் தானாகவே இறங்கியதை அது குற்றமாக எண்ணாது. துல்லியமாக ஆடினால் டிரா என்றால் அதற்கு டிராதான். மெஷினுக்குக் களைப்பு கிடையாதே.

அதற்காக நோட்டையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. '14-லேயே தோற்றுவிட்டேன், அப்புறம் எல்லாம் விதி' என்று அழகாக எழுதி வைத்திருந்தேன். மறுநாள் 14-க்குப் பிந்தைய ஆட்டத்தை ஸ்டாக்ஃபிஷ்ஷிடம் கொடுத்தால், 21-இல் பிஷப்பை இ8 வழியாக ஹெச்5-க்குக் கொண்டுபோ, ஆட்டம் ஏறக்குறைய சமம் என்கிறது. அப்போது ராணி இ7-இல் நின்று இ6-ஐக் காத்தது, பிஷப்புக்கு விடுதலை இருந்தது. கையால் அலசும்போது நாம் வக்கீலாகிவிடுகிறோம், அதுவும் நம் கட்சிக்கே.

என்னைக் கேட்டால் முதலில் நோட்டு, பிறகு மெஷின். முதலிலேயே மெஷினைத் திறந்தால் மூளை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஆனால் இப்போதுதான் ஆட ஆரம்பித்த பிள்ளைகள் திட்டத்தைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். அவர்கள் தோற்பது பெரும்பாலும் காயை ஓசியில் கொடுத்துத்தான். அதைக் காட்ட மெஷின் போதும்.

எதிராளியோடு பேசியதைக் கடைசியில் சொல்வதற்குக் காரணம் வெட்கம். ஆட்டம் முடிந்து ஹாலுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் அந்தப் பையன் கேட்டான்: "அந்த பிஷப்பை ஏன் சார் கொடுத்தீங்க? அது இருக்கிற வரைக்கும் குதிரையை அங்க நிம்மதியா வைக்க முடியாதேன்னு பயந்துட்டே இருந்தேன்."

"டைம் இல்லப்பா" என்றேன்.

ஸ்கோர்ஷீட்டில் 14-வது மூவுக்குப் பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: 1 மணி 11 நிமிடம்.