34,500 ரூபாய் போச்சு: பழைய போட்டோவை 3டி காட்சியாக்கித் தருகிறேன் என்பவர்களிடம் உஷார்

நேற்று ராத்திரி பதினொன்றரை மணிக்குத்தான் உறுதியாயிற்று, என் 34,500 ரூபாய் போனது போனதுதான். தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் பெயர் போடவில்லை. லோகோ வரைய, வீடியோ எடிட் பண்ண என்று வேலைக்கு ஆள் பிடித்துத் தருகிற ஆன்லைன் தளம் ஒன்று. அதில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய ஒரு 3டி கலைஞர். இப்போதைக்கு இவ்வளவு போதும். நீங்கள் எப்படித் தப்பிப்பது என்று கடைசியில் பத்து வழி எழுதுகிறேன்.

நான் குன்னூரில் ஃபிளெக்ஸ், ஐடி கார்டு, கல்யாணப் பத்திரிகை அடிக்கிற சின்னக் கடை வைத்திருக்கிறேன். போட்டோஷாப்பில் பதினைந்து வருஷம் கை பழகியவன். ஒரு படத்தில் எங்கே ஒட்டுப்போட்டிருக்கிறது என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட நானே ஏமாந்தேன் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அப்பா நீலகிரி மலை ரயிலில் கேங்மேன், அதாவது தண்டவாளத்தைப் பராமரிக்கிற வேலை. 1992-ல் ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேமரா இரவல் வாங்கி, குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவில் இருக்கிற கேத்தி ஸ்டேஷன் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு படம் எடுத்தார். முன்னால் தண்டவாளம், இடது பக்கம் தேயிலைச் சரிவு, நடுநடுவே சில்வர் ஓக், கீழே பள்ளத்தாக்கில் உருளைக்கிழங்கு, கேரட் பாத்திகள், அதற்கும் அப்பால் மிஸ்ட்டு ஏறுகிற மலை. அப்பா எடுத்ததில் அது ஒன்றுதான் நல்ல படம், மிச்சமெல்லாம் தலை வெட்டுப்பட்ட சொந்தக்காரர்கள். இன்றைக்கு அதே இடத்தில் போய் நின்றால் பாதிக் காட்சியைக் கட்டிடங்கள் மறைத்துவிடும். படமும் மலை ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிட்டது. வலது மேல் மூலையில், வானத்தில், செடியின் வேர் கிளைவிட்ட மாதிரி ஒரு வெளுத்த திட்டு. இந்தத் திட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பூஞ்சையை எடுத்துச் சுத்தம் பண்ண எனக்கே தெரியும். நான் கேட்டது அது இல்லை. அந்த இடத்தையே கம்ப்யூட்டருக்குள் கட்டி எழுப்ப வேண்டும். தேயிலைச் செடி, மரம், ஜல்லிக்கல் எல்லாம் தனித்தனிப் பொருளாக. வெயிலைக் காலையிலிருந்து சாயங்காலத்துக்கு நகர்த்த முடிய வேண்டும். அப்பா நின்ற இடத்திலிருந்து கேமரா நாலடி முன்னே நடந்து போகிற மாதிரி பத்து வினாடி வீடியோ வேண்டும். அப்பாவின் வருஷத் திதிக்கு அம்மாவுக்கு டிவியில் போட்டுக் காட்ட ஆசை. இதைச் செய்கிற பிளெண்டர் இலவச 3டி மென்பொருள்தான், நானும் ஆறு மாதம் முட்டி மோதிப் பார்த்தேன். எட்டு ஜிபி லேப்டாப்பில் சரிவு முழுக்கப் புல் தூவினால், ஃபேன் மிக்சி மாதிரி கத்திவிட்டு எல்லாம் மூடிக்கொள்ளும். சரி, தெரிந்தவரிடம் கொடுத்துவிடலாம் என்று அந்தத் தளத்துக்குப் போனேன்.

மூன்று பேர் பதில் போட்டார்கள். இரண்டு பேர் நேராக விலை சொன்னார்கள். மூன்றாவது ஆள் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. “அண்ணா, ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல எவ்வளவு அகலம்?” என்று கேட்டார். (அப்போது அவர். இப்போது அவன்.)

அங்கேதான் விழுந்தேன். மலை ரயில் தண்டவாளத்தின் அகலம் ஒரு மீட்டர். இரும்புக் கேஜைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பா வருஷக்கணக்கில் அளந்த அளவு அது. டிஜிட்டல் படமாக இருந்தால் எந்த லென்ஸில் எடுத்தது என்ற விவரம் கோப்பிலேயே இருக்கும், பிரிண்டில் அது கிடையாது. படத்தில் உள்ள கோடுகளை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். நேராக ஓடும் தண்டவாளக் கோடுகள் தூரத்தில் ஒரு புள்ளியில் சேரும், குறுக்கே கிடக்கும் ஸ்லீப்பர் கட்டைகளின் கோடுகளை நீட்டினால் இன்னொரு புள்ளியில் சேரும். இரண்டும் கிடைத்தால் லென்ஸின் கோணமும் கேமரா சாய்ந்திருந்த விதமும் வந்துவிடும். நிஜத்தில் தெரிந்த ஒரு அளவைக் கொடுத்தால் மிச்ச அளவெல்லாம் அதோடு சேர்ந்து வரும். இதைப் புரிந்து கேட்கிற ஆள் வேலைக்காரராகத்தான் இருப்பார் என்று நினைத்தேன். அரை மணி நேரத்தில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. அப்பாவின் படத்து மேல் சாம்பல் நிறத் தண்டவாளம், கம்பி மேல் கம்பியாகப் பிசகாமல் உட்கார்ந்திருந்தது. சமையலறைக்கு ஓடிப்போய் அம்மாவிடம் காட்டினேன். அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்து, “அப்பா நின்ன உயரம் கூடத் தெரியுமாடா?” என்று கேட்டாள்.

எஃப்ஸ்பை என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. அந்த ஸ்கிரீன்ஷாட் அதில் பத்து நிமிஷ வேலை. தெரியாததில்லை, அந்த நேரத்தில் தோன்றவில்லை.

முதலில் தளம் வழியாக 12,000 கட்டினேன். அடுத்த வாரம், “சாட்டிலைட் நில டேட்டா வாங்கணும், ரெண்டர் ஃபார்ம், அதான் படத்தை உருவாக்குற பெரிய கம்ப்யூட்டர்களுக்கு வாடகை கட்டணும், தளத்துல போட்டா கமிஷன் பிடிப்பாங்க அண்ணா” என்று யுபிஐயில் 15,000 வாங்கினான். மலைகளின் உயரத்தை நாசா 2000 பிப்ரவரியில் விண்ணோடத்தில் ரேடார் வைத்து அளந்த டேட்டா யாருக்கும் இலவசம். இஸ்ரோவின் புவன் தளத்திலும் கார்ட்டோசாட் செயற்கைக்கோளின் உயர டேட்டா இலவசமாகக் கிடைக்கிறது. அதுவும் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி என்கிற கணக்கு, தூரத்து மலைக்குத்தான் ஆகும், பக்கத்துப் பாத்தியின் வரப்பு கூட அதில் தெரியாது. இலவசத்துக்கு 15,000 கொடுத்தேன். கடைசியாக, கோப்பை ஒப்படைக்க 7,500. “தளத்துல ‘ஏற்றுக்கொண்டேன்’ அழுத்திடுங்கண்ணா, அப்பதான் ஃபைல் அனுப்ப வழி திறக்கும்” என்றான். அழுத்தினேன். மொத்தம் 34,500.

படம் வந்தது. பார்த்தவுடன் கண்ணில் நீர் வந்தது, பொய் சொல்லவில்லை. அச்சு அசல் அந்த இடம். அம்மாதான் முதலில் சொன்னாள்: “ஏன்டா, கேத்தியில ஏது பல்லுத் தண்டவாளம்?”

இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல் வைத்த பட்டை ஓடியது. மலை ரயிலில் பல்பட்டை கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும்தான். குன்னூருக்கு மேலே ஊட்டி வரை ரயில் சாதாரணத் தண்டவாளத்தில்தான் போகும். கேங்மேன் வீட்டில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஏதோ ஏஐ மென்பொருளில் போட்டிருக்கிறான், அது நீலகிரி ரயில் என்றதும் பல்லை வைத்துவிட்டது. அப்புறம்தான் மேல் மூலையைப் பார்த்தேன். அழகான ஒரு மேகம், வேர் மாதிரிக் கிளைவிட்டு. பூஞ்சையை மேகமாக்கியிருக்கிறான்!

கை நடுங்க இரண்டு படத்தையும் போட்டோஷாப்பில் ஒன்றன்மேல் ஒன்று வைத்து டிஃபரன்ஸ் மோடில் போட்டேன். இரண்டும் ஒன்றாக இருக்கும் இடம் அதில் கறுப்பாகிவிடும். தேயிலைச் சரிவு முழுக்கக் கறுப்பு. இலைக்கு இலை கறுப்பு. பல்பட்டை, வானம், மிஸ்ட்டு மட்டும் மின்னியது. புதிதாகக் கட்டிய காட்சியில் மலை ஒத்துப்போகலாம், மரம் நிற்கும் இடம் ஒத்துப்போகலாம், இலைக்கு இலை எப்படி ஒத்துப்போகும்? வீடியோவும் அப்படித்தான். நிஜமாகக் கேமரா முன்னே நடந்தால் பக்கத்து ஸ்லீப்பர் சட்டென்று காலடியில் நழுவிப் போகும், தூரத்து மலை அசையவே அசையாது. இதில் ஸ்லீப்பரும் மலையும் சேர்ந்து பெரிதாகின்றன. படத்தை ஜூம் பண்ணிக் கொடுத்துவிட்டான்.

கேட்டேன். அதுவரை ‘அண்ணா’, அன்றிலிருந்து ‘சார்’. “போட்டோ மாதிரியே இருக்குன்னா அதுதானே சார் எங்க திறமை?” அப்படியானால் கம்பி வலை மாதிரி தெரிகிற வயர்ஃபிரேம் படம் ஒன்று அனுப்பு என்றேன். டீம் லீவு என்றான். கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் சிப் (ஜிபியு) சூடாகி நின்றுவிட்டது என்றான். மூல ஃபைல் எங்கள் காப்பிரைட், அதற்குத் தனியாக 18,000 என்றான். பிறகு நீலக் குறி கூட விழவில்லை. தளத்தில் புகார் கொடுத்தால் ஒரு ரோபோ, “உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்” என்று நாலு தடவை வருந்தியது. கடைசியில் ஒரு மனிதர் வந்து, 12,000-க்கு நீங்கள் ஏற்பு அழுத்திவிட்டீர்கள், மிச்சம் 22,500 எங்கள் தளத்திலேயே நடக்கவில்லை என்று கணக்கை இரண்டாக வெட்டி இரண்டையும் மூடிவிட்டார். வங்கியில், நீங்களே பின் போட்டு அனுப்பியதுதானே என்றார்கள். 34,500 ரூபாய், என் கடைக்கு நாலு மாத வாடகை.

சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-ல் சொல்லிப் புகார் எண் வாங்கியிருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகப்போகிறேன், ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது.

பத்து வழி என்றேன். இப்போது எழுதப் பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். அட்வான்சுக்கு முன்பே நிறம் போடாத சாம்பல் மாடல் படம் கேளுங்கள், கூடவே கேமராவை ரெண்டடி இடது பக்கம் நகர்த்தி இன்னொன்று கேளுங்கள். நிஜமாகக் கட்டியவனுக்கு அது சில நிமிஷ வேலை, போட்டோவைத் தேய்த்தவனுக்கு முடியாது. வெயிலை எதிர்ப்பக்கம் மாற்றச் சொல்லி நிழல் மாறுகிறதா பாருங்கள். தளத்துக்கு வெளியே ஒரு ரூபாய் போடாதீர்கள். ஃபைலைத் திறந்து பார்க்காமல் ஏற்பு அழுத்தாதீர்கள். ஏமாந்தால் 1930-க்கு உடனே கூப்பிடுங்கள், நான் ஒன்பது நாள் வெட்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு வேறு பெயரில் அந்தத் தளத்துக்குள் போய் அவன் பக்கத்தைப் பார்த்தேன். மாதிரி வேலைகளில் முதலாவதாக அப்பாவின் படம். இடது பக்கம் ‘அசல்’, வலது பக்கம் ‘முழுக்க 3டி’. கீழே ஐந்து நட்சத்திரம். அசல் என்று போட்டிருப்பதில் அந்தத் திட்டைக் கூட அழித்துச் சுத்தம் பண்ணிவிட்டான். வலது பக்கப் படத்தில் பல்பட்டையும் இருக்கிறது, மூலையில் வேர் மாதிரி கிளைவிட்ட அந்த மேகமும் இருக்கிறது. அந்த மேகத்தை எங்கேயாவது பார்த்தால் அந்த ஆளிடம் பணம் போடாதீர்கள், எனக்கு உடனே ஒரு மெசேஜ் போடுங்கள்.