இடது கால் பூட்ஸ்: நான்கு சீசன் கழித்து

போன வாரம் டாலஸிலிருந்து தம்பி ஒருவன் கூப்பிட்டான். வயோமிங் குலுக்கலில் அவனுக்கு ப்ரான்ஹார்ன் (மான் மாதிரி ஒரு சமவெளி மிருகம்) டேக், அதாவது வேட்டை அனுமதிச் சீட்டு, விழுந்திருக்கிறது, முதல் தடவை. துப்பாக்கி, பைனாகுலர் எல்லாம் பேசி முடித்துவிட்டுக் கடைசியில் கேட்டான். "அண்ணே, ஒங்க பூட்ஸ் இப்ப 280 டாலருக்கு எறங்கியிருக்கு. வாங்கலாமா?"

ஒரு வார்த்தையில் முடிய வேண்டிய கேள்வி. முக்கால் மணி நேரம் பேசினேன். கடைசியில், "அப்ப வாங்கலாங்கிறீங்களா, வேண்டாங்கிறீங்களா?" என்றான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

கம்பெனி பெயர் எழுதப்போவதில்லை. ஒரே ஒரு ஜோடியை வைத்து, அதிலும் ஒரு காலை வைத்து, ஒருவர் பிழைப்பில் மண் போட எனக்கு விருப்பமில்லை. முழுத் தோல், உள்ளே தண்ணீர் புகாத கோர்டெக்ஸ், அடியில் விப்ரம் ரப்பர் சோல், எட்டு அங்குல உயரம். மலை வேட்டைக்குப் போகிறவர்கள் வழக்கமாகப் போடும் ரகம்தான். நான் வாங்கியபோது 400 டாலர்.

விஷயம் இதுதான். இடது கால் கத்தும்.

வாங்கிய அன்றே கத்தியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். முதல் வருடம் முழுக்க ஒரு சத்தமில்லை. ஏப்ரலில் டேக்குக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, மே மாதத்திலிருந்து கொலராடோவில் லேக்வுட் பக்கம் கிரீன் மவுண்டனில் வாரம் மூன்று நாள் ஏறுவேன். முதுகுப் பையில் எடைக்கு 20 பவுண்ட் சோனா மசூரி மூட்டை. ஜூலையில் இரண்டு மூட்டை. (திரும்பி வந்ததும் அதே அரிசியைத்தான் உலையில் போடுவோம். நாலு மலை ஏறி இறங்கிய அரிசி என்று வீட்டில் கேலி.) புதுச் செருப்பு கடிக்கும் என்று பயந்துகொண்டே போனேன். கடிக்கவே இல்லை. குதிகாலில் ஒரு கொப்புளம் கிடையாது.

இரண்டாவது வருடம் செப்டம்பரில், மழையில் நனைந்து காய்ந்த பிறகு, கீச். ஒவ்வொரு அடிக்கும் அல்ல. நாற்பது நிமிடம் நடந்து, தோல் லேசாக ஈரம் பட்டு, குளிரும் சேர்ந்தால்தான் வரும். அதுவும் ஏற்றத்தில், முன்பாதத்தை மடக்கும்போது. வலது கால் பரம சாது.

எங்கள் ஊர்ப் பக்கம் தாத்தாவின் தோல் செருப்பு இப்படிக் கத்தும். தெருமுனையில் சரக் சரக் என்று கேட்டாலே திண்ணையில் இருப்பவர்கள் பீடியை அணைத்துவிட்டு எழுந்து நிற்பார்கள். அவருக்கு அந்தச் சத்தம் ஒரு கௌரவம். நான் வேட்டைக்குத் தேடிப் போகும் எல்க் என்கிற பெரிய மான் எழுந்து நிற்காது. ஓடிவிடும்.

மூன்றாவது சீசனில் அதுதான் நடந்தது. கொலராடோவில் 2,80,000 எல்க்குக்கு மேல் இருக்கின்றன என்பார்கள். நான் ஃபிளாட் டாப்ஸ் மலையில் மூன்று நாள் அலைந்து ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. நான்காம் நாள் விடியல், பத்தாயிரம் அடிக்கு மேலே, ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு நடுவே ஒரு சின்ன வெட்டவெளி. எட்டு உருப்படி, எல்லாம் பெட்டை. என்னிடம் இருந்ததும் பெட்டை டேக்தான். எண்பது கஜம் இருக்கும். இடையில் ஒரு மரம். இரண்டு அடி இடப்பக்கம் நகர்ந்தால் போதும்.

இடது காலை எடுத்து வைத்தேன்.

முன்னால் நின்றது தலையைத் தூக்கியது. வாயில் புல் அப்படியே நிற்கிறது, மெல்லவில்லை. காது இரண்டும் முறம் மாதிரி என் பக்கம் திரும்பின. சட்டப்படி இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குலம் பளிச்சென்று ஆரஞ்சு போட்டிருக்கிறேன், தலையில் தொப்பியும் ஆரஞ்சு. அந்த நிறம் அதன் கண்ணுக்கு அவ்வளவாக எடுபடாது. காதுக்கு என்ன சட்டம் போட முடியும்? நாய் மாதிரி ஒரே ஒரு குரைப்பு. அவ்வளவுதான், எட்டும் காட்டுக்குள். காய்ந்த கிளைகளை ஒடித்துக்கொண்டு அவை போன சத்தத்தில் என் பூட்ஸ் சத்தம் ஒன்றுமே இல்லை. ஆனால் அது அவற்றின் சத்தம்.

நியாயமாகச் சொன்னால், காற்றாகவும் இருக்கலாம். விடியலில் மலைக்காற்று கீழ்நோக்கி இறங்கும், வெயில் ஏறினால் மேல்நோக்கித் திரும்பும். அந்த நேரத்தில் பிடரியில் லேசாகச் சில்லென்று பட்டது ஞாபகம் இருக்கிறது. என் வாடைக்கே ஓடியிருக்கலாம். ஆனால் காற்றை நான் 400 டாலர் கொடுத்து வாங்கவில்லை.

கம்பெனிக்கு எழுதினேன். போட்டோ கேட்டார்கள். சத்தத்துக்கு எப்படி போட்டோ எடுப்பது? பூட்ஸையே அனுப்பினேன். "நடந்து பார்த்தோம், சத்தம் வரவில்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆபீஸ் கம்பளத்தில் வராதுதான். அங்கே மழை பெய்யாதே.

பிறகு வீட்டு வைத்தியம். இன்சோலுக்கு அடியில் பவுடர் தூவினால் நிற்கும் என்றார்கள். வீட்டில் இருந்த பவுடரைக் கொட்டினேன். சத்தம் பாதி குறைந்தது, ஆனால் கல்யாண வீட்டு வாசனையோடு எல்க் முன்னால் போய் நிற்க முடியுமா? கழுவிவிட்டுச் சோளமாவு போட்டேன். அது கூழாகிவிட்டது. பொறுமையாக உட்கார்ந்து கையால் மடக்கி மடக்கிப் பார்த்ததில்தான் இடம் பிடிபட்டது. நாக்கு மடியும் இடத்தில், மூன்றாவது லேஸ் கொக்கிக்குக் கீழே, தோலும் தோலும் உரசுகின்றன. கட்டைவிரல் நகம் அளவு இடம்.

தாத்தா செருப்புக்கு என்ன போடுவார்? விளக்கெண்ணெய். பஞ்சில் ஒரு சொட்டு, அந்த இடத்தில் மட்டும். அதிகம் போட்டால் தோல் தொளதொளத்துவிடும், வாடையும் நிற்கும். பதினோரு நாள் ஒரு சத்தமில்லை. பன்னிரண்டாம் நாள் மறுபடியும் கீச்.

இனி அதன் நல்லதைச் சொல்லாவிட்டால் பாவம்.

போன அக்டோபரில் வயோமிங் சமவெளியில் ப்ரான்ஹார்ன். எல்லோரும் மான் என்கிறார்கள். உண்மையில் அதற்கு நெருங்கிய சொந்தம் ஒட்டகச்சிவிங்கிதான். மலையில் காதுக்குப் பயப்பட வேண்டும் என்றால் இங்கே கண்ணுக்கு. மைல் கணக்கில் மறைவே இல்லாத செஜ் புதர்க் காடு, அதனால் கடைசி இருநூறு கஜம் தவழ்ந்துதான் போக வேண்டும். தரையெல்லாம் சப்பாத்திக்கள்ளி! நம் கண்மாய்க்கரையில் இருப்பதன் குள்ளத் தம்பி, புல்லுக்குள் பதுங்கிக் கிடக்கும். முழங்காலில் ஏறிய முள்ளை ராத்திரி கூடாரத்தில் இடுக்கியால் பிடுங்கினேன், இருபதுக்கு மேல். கால்விரலில் ஒன்றுகூட இல்லை. பூட்ஸின் முனையில் முள் முறிந்து குத்திட்டு நிற்கிறது, உள்ளே இறங்கவில்லை.

மறுநாள் மழை. அங்கே பென்டோனைட் களிமண். கரிசல் காட்டில் மழைக்குப் பிறகு நடந்தவர்களுக்கு விளக்க வேண்டாம், அதே குணம். சோலின் ஆழமான பள்ளமெல்லாம் அடைத்து ஒவ்வொரு காலும் இரண்டு கிலோ. அதிலும் தண்ணீர் உள்ளே வரவில்லை. சத்தமும் இல்லை, சேறு அதன் வாயை அடைத்துவிட்டது போல. அன்றைக்குத்தான் அடித்தேன்.

அடுத்த மாதம் எல்க்கும் கிடைத்தது. அந்தக் காலையில் பூட்ஸ் என்ன நினைத்ததோ, பேசாமல் வந்தது. எலும்போடு ஒரு பின்னங்கால் 60, 70 பவுண்ட். நாலு நடை. கற்சரிவில் பனி, இருட்டு, தலையில் விளக்கு. மூன்றாவது நடையில் ஒரு கல் புரண்டு கணுக்கால் திரும்பப் பார்த்தது. பூட்ஸ் பிடித்து நிறுத்திவிட்டது. வேறு பூட்ஸாக இருந்திருந்தால் அன்றைக்கு என்னையும் சேர்த்துத்தான் சுமந்து இறக்கியிருக்க வேண்டும். இதையும் எழுதத்தான் வேண்டும்.

இந்த வசந்தத்தில் சோல் தேய்ந்து, 120 டாலர் கொடுத்துப் புதுசு மாற்றினேன். தைக்கிறவரிடம் இடது கால் கதையை முழுசாகச் சொன்னேன். "அது பூட்ஸின் குணம், நான் சோல்தான் மாற்றுவேன்" என்றார். ஆக மொத்தம் 520. வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 1937 சட்டப்படி 11 சதவீத வரி போட்டு வனவிலங்குக்குச் செலவு செய்கிறார்கள். பூட்ஸுக்கு அந்த வரி கிடையாது. இருந்திருந்தாலாவது என் பணத்தில் கொஞ்சம் எல்க்குக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், அது இந்தச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டதற்கு.

தம்பிக்கு வருவோம். அவன் போவது சமவெளிக்கு மட்டும். முள் தாங்கும், தண்ணீர் தாங்கும், ப்ரான்ஹார்ன் காதை நம்பி நடப்பதில்லை, விலையும் 120 டாலர் இறங்கியிருக்கிறது. கணக்குப் பார்த்தால் பத்துக்கு எட்டு கொடுக்க வேண்டும்.

இன்று காலை அரிசி மூட்டையோடு மாடிப்படி ஏறினேன். புது சோல், போன வாரம் போட்ட எண்ணெய். எட்டாவது படியில் கீச். கீழே சமையலறையிலிருந்து, "வந்துட்டாருய்யா ஒங்க தாத்தா" என்று குரல்.

பத்துக்கு மூன்று. வாங்காதே என்று மெசேஜ் போட்டுவிட்டேன்.

"அப்ப ஒங்களோடத குடுத்துருங்கண்ணே, எனக்கும் ஒம்பது சைஸ்தான்" என்று பதில் வந்தது. இன்னும் பதில் போடவில்லை. அக்டோபருக்கு எனக்கு என்ன இருக்கிறது?